வெந்தயக் கலர் வண்டி

கார் என்று சொன்னால் அந்த வண்டிக்கே கூச்சமாக இருக்கும். சீமையில் செய்த சின்ன வண்டி. நான்கு பேர் ஏறிவிட்டால் முறை போட்டுத்தான் மூச்சு விட வேண்டும். எனக்கு முன்னால் மூன்று பேர் ஆண்டு அனுபவித்துக் கைவிட்டது. கிணற்றுக்கு ஆயில் இஞ்சின் விற்பது என் பிழைப்பு. அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லைச் சுற்றி மாடு கட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் இஞ்சின் விலையை விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அகரத்துக்கும் வேடசந்தூருக்கும் நத்தத்துக்கும் சைக்கிள் மிதித்து மிதித்து என் முழங்கால்கள் கடகடக்கத் தொடங்கின.

"இஞ்சின் விக்க வாரவரு சைக்கிள்ல வந்தா எவன் நம்புவான்?" என்று என் மனைவிதான் கிளப்பிவிட்டாள். வண்டி வாசலில் வந்து நின்றதும் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எருமை குளத்துல இருந்து எந்திருச்சு வந்த மாதிரி இருக்கு" என்றாள். நிறம் அப்படி. அடுப்புச் சாம்பலில் தண்ணீர் தெளித்த சாம்பல் நிறம்.

அவள் சின்னாளபட்டித் தறிக்காரர் வீட்டுப் பெண். நிறம் என்றால் அவளுக்குப் பச்சை, சிவப்பு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லத் தெரியாது. மயில் கழுத்து, அரக்கு, கத்திரிப்பூ, கிளிப்பச்சை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். வண்டியை மனிதர் பார்க்கிற மாதிரி ஆக்குவது என்று இருவரும் இறங்கினோம். பட்டறைக்குப் போனால் வண்டி விலையைவிடக் கூலி கூட ஆகும் என்பதால் எல்லாம் வீட்டுக் கைவேலைதான். விளக்கு வளையங்களைப் புளி போட்டுத் தேய்த்தாள். டயருக்கு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசினேன். முன்னாலிருந்த பம்பருக்கு ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற வெள்ளிப் பெயிண்ட். கிழிந்து தேங்காய் நார் பிதுங்கிய சீட்டுகளுக்கு அவளே சுங்குடித் துணியில் உறை தைத்தாள். அந்தத் துணியில் புள்ளிக்கு முடிச்சுப் போட்டதும் அவள்தான், கல்யாணத்துக்கு முன்னால். இடது பக்கக் கதவு எதற்கும் மசியவில்லை, மூடினால் திறந்துகொள்ளும். அதற்கு வெளியே இரண்டு வளையம் வைத்து நம்மூர்த் திண்டுக்கல் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டேன். கார்க் கதவில் பூட்டுத் தொங்கும் அதிசயத்தை வேறு எந்த ஊரிலும் பார்த்திருக்க முடியாது.

முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்து வருவாள். தெருவில் ஒரு மாதிரி பேசினார்கள். பேசட்டும் என்றாள். எல்லாம் சரி, அந்த எருமை நிறம் மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. "வெந்தயக் கலர் அடிங்க. தூசி படிஞ்சாலும் தெரியாது, வெயில்ல பாத்தா தங்கமாட்டம் இருக்கும்." அடிக்கலாம், அடிக்கலாம் என்று நான் தள்ளிப்போட்டேன்.

ஐப்பசி அடைமழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் கஷாயம், பிறகு ஊசி, பிறகு ஆஸ்பத்திரி. மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். கண்ணைத் திறந்தபடியே கிடப்பாள், எதையும் பார்க்க மாட்டாள். பிழைத்ததே பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். உடம்பு தேறட்டும் என்று அவள் அம்மா சின்னாளபட்டிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

வீட்டில் நானும் என் அம்மாவும் மட்டும். அப்போதுதான் பெயிண்ட் வேலையை எடுத்தேன். அவள் திரும்பி வரும்போது வெந்தயக் கலர் வண்டியில் வர வேண்டும். கொல்லையில் கீற்றுக் கொட்டகைக்குள் வண்டியைத் தள்ளி, பழைய வேட்டிகளைச் சுற்றிலும் கட்டி, தூசி கிளம்பாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தேன். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே போயிற்று. துருப்பிடித்த ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து அடைத்தேன். ஸ்பிரே மிஷினுக்கு எங்கே போவது? கொசு மருந்து அடிக்கிற கைப்பம்பில் பெயிண்டை டர்பன்டைன் விட்டு நீர்க்கக் கலக்கி அடித்தேன். முதல் பூச்சு வழிந்து கண்ணீர்க் கோடாக இறங்கியது. மறுபடி தேய்த்து, மறுபடி அடித்தேன். நிறம் வாய்க்கத்தான் நாளாயிற்று. மஞ்சளில் கொஞ்சம் காப்பி நிறம், சொட்டுக் கறுப்பு. சமையலறையிலிருந்து வெந்தயத்தை அள்ளி வந்து பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன்.

"வெந்தயத்தப் பூரா அள்ளிட்டுப் போயிட்டா இட்லிக்கு என்னத்தப் போடுறது, ஒந்தலையவா?" என்று அம்மா கத்தினார்.

நிறம் வந்தது. அச்சாக வந்தது. சாயம் போயிருந்த சுங்குடி உறைகளைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, காப்பி நிற ரெக்சின் வாங்கித் தைத்துப் போட்டேன். பூட்டை எடுத்துவிட்டு நல்ல கைப்பிடி வைத்தேன். தவளை மாதிரிக் கத்திய ஹாரனை மாற்றினேன். பொங்கலுக்கு மாட்டை அலங்கரிக்கிறவன்கூட அத்தனை சந்தோஷமாக இருந்திருக்க மாட்டான்.

சின்னாளபட்டித் தெருவில் வண்டியை நிறுத்தி ஹாரனை அடித்தேன். தறிச் சத்தம் நின்று ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் வாசலுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள், கண்களில் தெளிவு இருந்தது. அது போதும் எனக்கு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கதவைத் தொட்டாள், பூட்டுத் தொங்கிய இடத்தைத் தடவினாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"இது எங்க வண்டி இல்லையே" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் அதிகப் பெருமை. அடையாளமே தெரியவில்லை பார் என்று அவள் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். முன்கதவைத் திறந்துவிட்டேன். அவள் பின்கதவைத் திறந்து பின்னால் ஏறினாள். உடம்பு முடியாதவள், காலை நீட்டிக்கொண்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊரைத் தாண்டியதும் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் தெரிந்தது. பின்னாலிருந்து அவள் குரல் வந்தது, வெளியாரிடம் பேசுகிற மரியாதையான குரல்.

"அவுக வரலீங்களா?"

"எவுக?" என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்தியபடி ஜன்னல் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். நல்ல பகல்வெளிச்சம்.

வீட்டில் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. உப்பு ஜாடி எங்கே, கிணற்றுக் கயிற்றில் எந்த இடம் நைந்திருக்கிறது, அடுத்த வீட்டில் யாருக்குப் பிள்ளை பிறக்க இருந்தது, எல்லாம். என் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குத் தெரியாதவை இரண்டே இரண்டுதான். ஒன்று வண்டி, இன்னொன்று நான்.

இதை யாரிடம் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? என் முன்னால் தலைநிமிர்ந்து பேசுவதில்லை. நான் கூடத்துக்கு வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவாள். இரவில் அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்வாள். "காய்ச்சல் வந்தாலும் வந்துச்சு, பிள்ளைக்கு என்னா அடக்கம்!" என்று என் அம்மா பூரித்துப்போனார். முன்பு முன்சீட்டில் ஏறிப் போனவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தவர் அவர்.

சாப்பாட்டு இலைதான் எனக்கு உண்மையைச் சொன்னது. எங்கள் வீட்டு வழக்கம், நான் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் அவள் சாப்பிடுவாள். அதற்காக நான் இலையை மடிக்காமல் எழுந்துவிடுவேன். முதல் நாள் அப்படி எழுந்து கைகழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் வந்தாள், குனிந்து என் இலையை மடித்தாள், விருந்தாளி இலையை எடுக்கிற மாதிரி எடுத்துக் கொல்லையில் மாட்டுக்குப் போட்டாள். தனக்கு வேறு இலையும் போட்டுக்கொள்ளவில்லை.

"நீ சாப்பிடலையா?"

"அவுக வந்துரட்டும்" என்றாள் தரையைப் பார்த்து.

புருஷன் சாப்பிடாமல் பெண்டாட்டி சாப்பிடக் கூடாது. புருஷன் இன்னும் வரவில்லை. அவ்வளவுதான் அவள் கணக்கு. காலையில் கொஞ்சம் நீராகாரம் குடிப்பாள், அதில்தான் உயிர் ஓடியது. அம்மாவின் பார்வைக்குத் தட்டில் சோறும் வெஞ்சனமும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவாள், காக்காயும் மாடும் தின்னும். இடுப்பு சுருங்கச் சுருங்கச் சேலைக் கொசுவம் கூடிக்கொண்டே போயிற்று. எதிரே நின்று பார்த்தால் மடிப்பு மடிப்பாகத் துணி மட்டும் நிற்கிற மாதிரி இருக்கும். காய்ச்சலில் தப்பியவள் என் கண் முன்னால் பட்டினியில் போய்விடுவாள் என்று பயந்தேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். பின்சீட்டில் அம்மாவும் அவளும். டாக்டர் நல்ல மனிதர், ஞாபகத்தைச் சோதிக்கிறேன் என்று கேள்வி கேட்டார். என்ன கிழமை, என்ன மாசம், அப்பா பேர் என்ன? எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னாள். என்னைக் காட்டி, "இவரு பேரு என்னம்மா?" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க சாமி! புருசன் பேர எப்படிச் சொல்லுவா?" டாக்டரும் சிரித்துவிட்டார். அது பெண்களின் வழக்கம், அதற்கு மேல் ஆண்பிள்ளை என்ன கேட்பது என்று டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் கத்தியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். அன்று நாக்கு எழவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது, காட்டிக்கொடுத்துவிடாதே என்கிற மாதிரி.

மறுநாள் சாயங்காலம் கொட்டகைப் பக்கம் போனேன். அவள் வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மட்கார்டு ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வெந்தயக் கலர் பொருக்காகப் பெயர்ந்து, அடியிலிருந்து பழைய சாம்பல் நிறம் காசளவு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் நிற்பது தெரிந்ததும் எழுந்தாள். ஓடிப்போவாள் என்று நினைத்தேன், போகவில்லை. கிட்டே வந்தாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, என் கழுத்திலிருக்கிற மச்சத்தை அழுத்தித் தேய்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு ஒட்டவில்லை.

"நல்லாத்தான் செஞ்சிருக்காக" என்றாள் மெதுவாக. அதில் கோபமே இல்லை, நல்ல துணியைப் பார்த்துச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "அத்தைக்குக் கண்ணு மங்கல். அவுகளுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டாக. நீங்க கெட்டவுக மாதிரித் தெரியல. அவுகள என்ன பண்ணுனீக? அத மட்டும் சொல்லிருங்க."

"நான்தாண்டி அது!" என்று கத்தினேன். கல்யாணத்தன்று நடந்தது, ஆஸ்பத்திரியில் நான் தரையில் படுத்துக் கிடந்தது, அவளும் நானும் மட்டும் அறிந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நான் சொன்ன ஒவ்வொன்றும் அவள் புருஷனை மிரட்டி நான் கேட்டு வாங்கியதாக அவளுக்குப் படுகிறது என்பது எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

வண்டியில் ஆரம்பித்தது, வண்டியிலேயே முடியும் என்று எனக்கு ஒரு புத்தி தோன்றியது. வெந்தயக் கலரை எடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன். வேறு எதை நம்புவது? காஸ்டிக் சோடாவைக் கரைத்துப் பூசினேன். பெயிண்ட் கொப்பளித்துத் தோல் மாதிரி உரிந்து வந்தது, என் விரல்களும் உரிந்தன. ஏறக்குறைய அதே சாம்பல் நிறத்தைக் கலக்கி அடித்தேன். வழவழப்பு வேண்டாமென்று ஈரத்திலேயே தூசி படியவிட்டேன். பளபளப்பாக்கத் தலைகீழாக நின்றவன், இப்போது அசிங்கமாக்கப் பாடுபட்டேன். நல்ல கைப்பிடியைக் கழற்றிப் பூட்டைத் தொங்கவிட்டேன். தவளை ஹாரனை மாட்டினேன். "பேய் புடிச்சது அவளுக்கா ஒனக்கா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். கடைசியாகப் பெட்டியைத் திறந்து சுங்குடி உறைகளை எடுத்துச் சீட்டில் போட்டேன்.

அவளைக் கூப்பிட்டேன். வந்து சுற்றிப் பார்த்தாள். வாசனை பிடித்தாள்.

"பழசு மாதிரியே பண்ணிட்டீக" என்றாள். "புதுப் பெயிண்டு வாடை மட்டும் போகல."

கதவைத் திறந்தாள். சீட்டு உறையில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு புள்ளியாகத் தடவினாள். தையலைத் திருப்பிப் பார்த்தாள். "இது நான் தச்சது" என்றாள். "இது நெசமாவே நான் தச்சது." எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் உறையை உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"இது எப்படி ஒங்க கைக்கு வந்துச்சு? அவுக விட்டுக் குடுக்க மாட்டாகளே. அவுக இல்லையா? அவுக போயிட்டாகளா?"

பொய்யானதையெல்லாம் நிதானமாக ஏற்றுக்கொண்டவள், உண்மையானது ஒன்று கைக்கு வந்ததும் இப்படி உடைந்துபோனாள். அன்று முழுக்க உறையைக் கீழே வைக்கவில்லை. மறுநாள் காலை நீராகாரத்தையும் தொடவில்லை. அம்மாவின் மடியில் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே கண். எனக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் இரண்டொரு நாள் தாங்கினால் அதிகம்.

வெயில் இறங்கும் நேரம் அம்மா தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நான் நின்ற இடத்துக்கு வந்தாள். கையைக் கூப்பினாள்.

"அண்ணே" என்றாள்.

பெண்டாட்டி வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்கிற தண்டனை என் எதிரிக்கும் வரக் கூடாது.

"அண்ணே, ஒங்களக் கூடப் பொறந்தவரா நெனச்சுக் கேக்குறேன். அவுக உசுரோட இருக்காகளா, இல்லையா? வேடசந்தூர்ப் பக்கந்தான் அடிக்கடி போவாக. செத்த நேரம் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. எதுன்னாலும் தாங்கிக்கிறேன்."

வண்டியை எடுத்தேன். வேறு என்ன செய்வது? வேடசந்தூர் சாலையில் மில் வேலை விட்டு சைக்கிள்கள் வரிசையாக எதிரே வந்தன. எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டதோ என்னவோ, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் ஒருவன் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். என் உயரம், என் சட்டை மாதிரியே சட்டை. வண்டியை மெதுவாக்கி, அவன் திரும்புவதற்குக் காத்திருந்தேன். எதை எதிர்பார்த்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அவன் திரும்பினான். யாரோ. அங்கேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கேட்கவில்லை, முகத்தை மட்டும் பார்த்தாள். வரும் வழியெல்லாம் ஒரு பேச்சும் யோசித்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"பாத்தேன் தங்கச்சி."

"எங்கண்ணே? எங்க?"

"வேடசந்தூர்ல. நல்லா இருக்காரு. அந்தப் பக்கம் நெறையக் கெணறு, இஞ்சின் வேலை முடிய நாளாகுமாம். சீட்டு ஒற சாயம் போயிருச்சு, அவகிட்டக் குடுங்கன்னு அவர்தான் எங்கிட்டக் குடுத்தாரு."

"எளைச்சிருக்காகளா?"

"கொஞ்சம்."

"சாப்பிட்டாகளா?"

"இப்பத்தான் சாப்பிட்டாரு. நான் பக்கத்துல இருந்தேன். 'நான் சாப்பிட்டேன், அவளையும் சாப்பிடச் சொல்லுங்க'ன்னு சொல்லி அனுப்புனாரு."

அவள் முகம் மலர்ந்தது. கல்யாணமான புதிதில் நான் ஊரிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போது அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். அடுப்படிக்குப் போனாள். தனக்கென்று ஓர் இலை போட்டுக்கொண்டாள். குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள், கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொண்டு மறு வாய் எடுத்தாள். கிணற்றடியிலிருந்து வந்த அம்மா குடத்தை இறக்க மறந்து நின்றுவிட்டார். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவள் பிழைத்துக்கொள்வாள். வேடசந்தூரில் இருக்கும் அந்த ஆளின் மேல் எனக்கு அப்படியொரு பொறாமை வந்தது, கொன்றுவிடலாம் போல இருந்தது.

"நாளைக்கும் பாப்பீகளாண்ணே?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"பாக்குறேன் தங்கச்சி" என்றேன்.

அவள் இரண்டாவது முறையும் சோறு போட்டுக்கொண்டாள்.